முட்டுக்கட்டை: ஒரு பெரிய வண்டி ரோட்டுக்கு வர யார் அனுமதி தரணும்?

இந்த எபிசோடை ஒரு டிராஃபிக் ஜாம்ல ஆரம்பிக்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு ராத்திரி பஸ். ஊருக்குப் போயிட்டிருந்தேன். ஆலங்குளம் தாண்டின கொஞ்ச நேரத்துல பஸ் நின்னுடுச்சு. எட்டிப் பார்த்தா, ஒரு வளைவுல ரோட்டை முழுசா அடைச்சுக்கிட்டு வெள்ளையா, நீளமா ஏதோ ஒண்ணு. ஆரம்பம் தெரியுது, முடிவு தெரியலை. காற்றாலை இறக்கை. எல்லாரும் பிளேடுன்னுதான் சொல்லுவாங்க.

கீழே இறங்கினேன். ஒளிரும் ஜாக்கெட் போட்ட ஒருத்தர் கையில நீளமான மூங்கில் கழியோட நின்னுட்டிருந்தார். குறுக்கே தொங்குற கேபிளைத் தூக்கிப் பிடிக்கிறது அவர் வேலை. "எவ்வளவு நேரம் ஆகும் அண்ணாச்சி?" "மூக்கு திரும்பிட்டு தம்பி, வால் திரும்பணும்லா? மரம்னா கிளையை வெட்டலாம், கம்பின்னா தூக்கலாம். வளைவை என்ன செய்ய முடியும்?"

பஸ்ஸுக்குள்ளேயிருந்து ஒரு குரல்: "இதுக்கெல்லாம் எவன்யா பர்மிஷன் கொடுத்தது?"

கோபத்துல கேட்டதுதான். ஆனா நல்ல கேள்வி. ரோட்டுக்குப் பொருந்தாத ஒரு வண்டி ரோட்டுக்கு வரணும்னா யார்கிட்ட கேட்கணும்? எதைப் பார்த்து 'சரி'ன்னு சொல்றாங்க? அந்தக் கேள்வியோட பழைய கதையைத் தேடினா, அது தென்காசியிலேயே இருக்கு.

தேருக்காகப் போட்ட தெரு

தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் 15-ஆம் நூற்றாண்டுல பராக்கிரம பாண்டியன் கட்டினது. இன்னிக்கு நாம பார்க்கிற ராஜகோபுரம், பழையது சிதைஞ்சு பல தலைமுறை மொட்டையா நின்ன பிறகு திரும்பக் கட்டி, 1990-ல குடமுழுக்கு நடந்தது. கோபுரத்தைப் பத்திப் பேச நிறைய பேர் இருக்காங்க. நான் பேச வந்தது கோயிலைச் சுத்தி இருக்கிற ரத வீதிகளைப் பத்தி.

ரத வீதி, தேரடி, தேர்முட்டி. தமிழ்நாட்டுல எந்தப் பழைய கோயில் ஊருக்குப் போனாலும் இந்தப் பேர்கள் இருக்கும். யோசிச்சுப் பாருங்க, ஊரிலேயே பெரிய வண்டி தேர்தான். வருஷத்துக்குச் சில நாள்தான் ஓடும். ஆனா தெருவோட அகலத்தை முடிவு பண்ணினது அந்த வண்டி. வண்டி தெருவுக்குப் பொருந்துமான்னு யாரும் கேட்கலை. தெருவைத்தான் வண்டிக்குப் பொருத்தினாங்க.

அப்படியும் நாலு மூலையில திரும்பணுமே? தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. சக்கரத்துக்கு அடியில மரக்கட்டை கொடுத்துத்தான் நிறுத்துவாங்க, கட்டை கொடுத்துத்தான் திருப்புவாங்க. அந்தக் கட்டைக்குப் பேர்தான் முட்டுக்கட்டை. இன்னிக்கு நாம 'முட்டுக்கட்டை போடுறான்'னு சொன்னா வேலையைக் கெடுக்கிறான்னு அர்த்தம். ஆனா தேர்ல முட்டுக்கட்டை போடுற ஆள் இல்லைன்னா, தேர் மூலை திரும்பாது. நேரா யார் வீட்டுக்குள்ளேயோ போயிடும். இந்தக் கட்டையை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

யானைகள் கொடுத்த சான்றிதழ்

தென்காசியிலிருந்து மேற்கே போனா குற்றாலம் ஒரு பக்கம், செங்கோட்டை ஒரு பக்கம். செங்கோட்டை தாண்டி புளியரை, அப்புறம் மலைப்பாதை, ஆரியங்காவு, புனலூர், கொல்லம். இந்தக் கணவாய் வழியா மாட்டு வண்டி போன காலத்திலிருந்தே வியாபாரம் நடந்திருக்கு. செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோட சேர்ந்தது.

இந்த வழியில புனலூர்ல கல்லடை ஆறு குறுக்கே வரும். அதுல ஒரு தொங்கு பாலம் இருக்கு. ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கட்டினது, 1877-ல கட்டி முடிஞ்சது. சங்கிலியில தொங்குற பாலத்துல ஏற ஜனங்களுக்குப் பயம். அதனால பாலத்து மேல ஆறு யானைகளை நடக்க விட்டு, அந்த நேரத்துல பொறியாளர் தன் குடும்பத்தோட பாலத்துக்குக் கீழே படகுல உட்கார்ந்திருந்தார்னு அந்த ஊர்ல ஒரு கதை சொல்லுவாங்க. படகு பத்தின பகுதி கதையாவே இருக்கட்டும். ஆனா அந்தக் கதை கேட்கிற கேள்வி ரொம்ப நிஜமானது: இந்தப் பாலம் எவ்வளவு தாங்கும், அதுக்கு யார் பொறுப்பு? இன்னிக்கு பெரிய வண்டிக்கு அனுமதி கேட்டுப் போடுற ஒவ்வொரு விண்ணப்பத்துலேயும் இருக்கிறது இந்தக் கேள்விதான். யானைக்குப் பதிலா கணக்கு வந்திருக்கு, அவ்வளவுதான்.

அடுத்தது ரயில். கொல்லம் - செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதை 1904-ல திறந்தாங்க. கழுத்துருட்டி பக்கம் இருக்கிற பதிமூணு கண் பாலத்தை நீங்க ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க, அது இந்தப் பாதைதான். இந்தப் பாதையில முதல்ல ஓடின எஞ்சினை எப்படிக் கொண்டு வந்தாங்கன்னு ஒரு சேதி சொல்றாங்க. தூத்துக்குடியிலிருந்து கப்பல்ல கொல்லத்துக்குக் கொண்டு போய், பாகம் பாகமாக் கழற்றி மாட்டு வண்டியில ஏத்தி, அப்புறம் திரும்பக் கோத்தாங்களாம்.

இதை ஏன் சொல்றேன்னா, பெரிய பொருளை நகர்த்த ரெண்டே வழிதான் இருக்கு. ஒண்ணு, பிரிச்சு சின்னதாக்கி வழக்கமான வண்டியில ஏத்தணும். பிரிக்கவே முடியாதுன்னா, அதுக்காக ரோட்டைத் தயார் பண்ணணும். இன்னிக்கு சட்டம் இருக்கிறதும் இந்த ரெண்டு வழிக்கு நடுவுல போட்ட கோட்டு மேலதான்.

டேப்பும் தராசும்

நம்ம நாட்டுல மோட்டார் வண்டிக்கு 1914-ல ஒரு சட்டம் வந்தது. அப்புறம் 1939 சட்டம், இப்போ இருக்கிற 1988 சட்டம். இந்த மூணையும் வரிசையா வச்சுப் பார்த்தா, அரசாங்கம் வண்டியைப் பார்க்கிற பார்வை மாறினது தெரியும். முதல்ல பதிவும் ஓட்டுநர் உரிமமும்தான் பெரிய விஷயம். போகப்போக டேப்பும் தராசும் உள்ளே வந்தது.

இப்போ இருக்கிற விதிப்படி வண்டியோட அகலம் 2.6 மீட்டர். சாதாரண சரக்கு வண்டியோட உயரம் 4 மீட்டர். இழுவை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 18 மீட்டர் வாக்குல நீளம். பத்துச் சக்கர லாரின்னா சரக்கோட சேர்த்து 28.5 டன். 2018-ல எடை வரம்பை ஏத்துறதுக்கு முன்னாடி அது 25 டன்னா இருந்தது. இந்த அளவைத் தாண்டினா ஓ.டி.சி., அதாவது அளவு மீறிய சரக்கு. அதுக்குத் தனி அனுமதி வேணும்.

எடையில ஏன் இவ்வளவு கறார்? 1958-லிருந்து 1960 வரை அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல, இதுக்குன்னே ரோடு போட்டு அதுல ராப்பகலா லாரி ஓட்டி ஒரு சோதனை பண்ணினாங்க. அதுல கிடைச்ச விடையை இன்னிக்கும் உலகம் முழுக்க ரோடு பொறியாளர்கள் பயன்படுத்துறாங்க. ஒரு அச்சு மேல எடை ரெண்டு மடங்கானா, ரோட்டுக்கு வர்ற சேதம் ரெண்டு மடங்கு இல்லை, சுமார் பதினாறு மடங்கு. இருபது சதவீதம் கூடுதலா ஏத்தினாலே சேதம் ஏறக்குறைய ரெட்டிப்பாகும். 'கொஞ்சம்தானே சார் கூட'ன்னு செக்போஸ்ட்ல கேட்கிற குரலுக்குப் பதில் இந்தக் கணக்குல இருக்கு.

பாலத்துக்குக் கவலை வேற. ரோடு ஒவ்வொரு அச்சா எடையைப் பார்க்கும். பாலம் தன் மேல நிற்கிற மொத்த எடையையும் பார்க்கும். இந்த வித்தியாசம் சீக்கிரமே தேவைப்படும்.

சாரலைக் கொண்டு வர்ற காத்து

திரும்ப நம்ம பிளேடுக்கு வருவோம். இந்த ஊருக்கு இவ்வளவு பிளேடு ஏன் வருது?

ஜூன் மாசம் குற்றாலத்துல நின்னா முகத்துல சாரல் அடிக்கும். அது தென்மேற்குப் பருவக்காத்து, மலைத்தொடர்ல இருக்கிற இடைவெளி வழியா கிழக்கே பாய்றப்போ கொண்டு வர்றது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி எல்லாம் அந்த மாதிரி கணவாய்கள். ஈரத்தை மலையில விட்டுட்டு, அதே காத்து வறண்டு போய் சுரண்டை, ஆலங்குளம் சமவெளியில வேகமா அடிக்கும். நாம அருவியில குளிக்கிற சீசனும் காற்றாலை சுத்துற சீசனும் ஒண்ணுதான்.

தமிழ்நாட்டுல முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டுல வந்தது. அந்தக் காலத்து 55 கிலோவாட் காற்றாலையில ஒரு இறக்கை ஏழெட்டு மீட்டர். சாதாரண லாரியில ஏத்திட்டுப் போயிடலாம், யாரையும் கேட்க வேண்டாம். இன்னிக்கு வர்ற பெரிய காற்றாலைக்கு இறக்கை ஒவ்வொண்ணும் 60 மீட்டர், 70 மீட்டர். சட்டம் சொல்ற நீளத்தைப் போல மூணு நாலு மடங்கு. நடுவுல மடக்க முடியாது, வெட்டி ஒட்டவும் முடியாது. மின்சாரத்தோட அளவு வளர்ந்த வேகத்துக்கு ரோட்டு வளைவு வளரலை. காத்து சீசன் தொடங்குறதுக்குள்ள நட்டு முடிக்கணும்னு அவசரம் வேற.

அப்போ அனுமதி எப்படி வாங்குவாங்க? தேசிய நெடுஞ்சாலைன்னா மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஆன்லைன்ல விண்ணப்பம். மாநில நெடுஞ்சாலைன்னா மாநில நெடுஞ்சாலைத் துறை. போற வழியில போலீஸ், மின்வாரியம், உள்ளாட்சி. ரயில்வே கேட் இருந்தா ரயில்வே. வண்டியோட பதிவுச் சான்று, சரக்கோட படம், ஒவ்வொரு அச்சுக்கும் எத்தனை டன்னு கணக்கு, எந்த ஊர் வழியா எந்தெந்தப் பாலம் தாண்டிப் போகுதுன்னு வழித்தடம், ஏதாவது உடைஞ்சா நான் பொறுப்புன்னு எழுதிக் கொடுக்கிற உறுதிப் பத்திரம். எல்லாத்துக்கும் அடியில ஒரே கேள்வி: இதைப் பிரிச்சு எடுத்துட்டுப் போக முடியுமா? முடியும்னா அனுமதி கிடையாது.

கனமான சரக்குக்கு அனுமதி கிடைச்சாலும் நிபந்தனை நீளமா இருக்கும். பகல்ல சிவப்புக் கொடி, ராத்திரி சிவப்பு விளக்கு, முன்னாடி வழிகாட்டி வண்டி. பாலத்துல ஏறும்போது வேற வண்டி இருக்கக் கூடாது. நடுக்கோட்டுல, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல ஊர்ந்து போகணும். பாலத்து மேல பிரேக் போடக் கூடாது. படிக்கும்போது எனக்குப் புனலூர் யானைகள்தான் ஞாபகம் வந்தது.

ரெண்டு பயணம்

இந்த விதியெல்லாம் நிஜத்துல எப்படி இருக்கும்னு பார்க்க, தமிழ்நாட்டு ரோட்டுல நடந்த ரெண்டு பயணத்தைச் சொல்றேன்.

முதல்ல ஒரு சிலை. திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி பக்கத்துல கொரக்கோட்டை. அங்கே ஒரே கல்லுல 64 அடி உயரப் பெருமாள் சிலைக்குப் பாறை எடுத்து, பெங்களூரு ஈஜிபுரா கோதண்டராமர் கோயிலுக்குக் கொண்டு போனாங்க. சுமார் 350 டன். 240 சக்கரம் வச்ச டிரெய்லர். 2018 டிசம்பர்ல கிளம்பினது. டயர் வெடிச்சது, மண்ணுல புதைஞ்சது, வழியில சில வீடு, கடைகளோட முகப்பை இடிக்க வேண்டி வந்தது. ஓசூர்கிட்ட தென்பெண்ணை ஆத்துப் பாலம் தாங்காதுன்னு, பக்கத்துல ஆத்துக்குள்ளேயே மண்ணைக் கொட்டித் தற்காலிகப் பாதை போட்டாங்க. பெங்களூரு போய்ச் சேரும்போது 2019 ஜூன். கார்ல அஞ்சாறு மணி நேரத்துல போற தூரத்துக்கு ஆறு மாசம்.

சின்னதா ஒரு கணக்குப் போடுங்க. 350 டன்னை 240 சக்கரத்தால வகுத்தா, ஒரு சக்கரத்துக்கு ஒன்றரை டன்னுக்கும் கொஞ்சம் கம்மி. டிரெய்லரோட சொந்த எடையைச் சேர்த்தா இன்னும் கூடும். பத்துச் சக்கர லாரிக்குச் சட்டப்படி சரக்கோட சேர்த்து இருக்கிற 28.5 டன்னை வகுத்துப் பாருங்க. சக்கரத்துக்கு 2.85 டன். அதாவது, ரோட்டோட கண்ணுல அந்த ராட்சசச் சிலையை விட நம்ம ஊர் ஜல்லி லாரிதான் கனம். சிலைக்குப் பிரச்சினை ரோடு இல்லை, பாலமும் வளைவும்தான்.

ரெண்டாவது, மகாராஷ்டிராவிலிருந்து திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு வந்த ஆட்டோகிளேவ். ராக்கெட் பாகங்களை அழுத்தத்துலேயும் சூட்டுலேயும் பதப்படுத்துற ராட்சச குக்கர்னு வச்சுக்கோங்க. 70 டன், 7.5 மீட்டர் உயரம், 7 மீட்டர் அகலம். பிரிக்க முடியாது. 74 சக்கர வண்டியில 2019 ஜூலையில கிளம்பி, தமிழ்நாடு உட்பட அஞ்சு மாநிலம் கடந்து, 2020 ஜூலையில வந்து சேர்ந்தது. சுமார் 1,700 கிலோமீட்டருக்கு ஒரு வருஷம், அதாவது சராசரியா நாளுக்கு 5 கிலோமீட்டர் கூட இல்லை. நடுவுல கொரோனா ஊரடங்குல ஆந்திராவுல மாட்டிக்கிச்சு. வழியெல்லாம் மின்கம்பியை அவிழ்த்து, மரத்தைக் கழிச்சு, பாலத்தைச் சோதிச்சு, திரும்பக் கம்பியைக் கட்டி வந்தாங்க.

மின்கம்பியைச் சும்மா சொல்லலை. 2022 ஏப்ரல் 27 விடிகாலையில தஞ்சாவூர் பக்கம் களிமேட்டுல அப்பர் திருவிழாவுக்கு இழுத்துட்டுப் போன தேர், மேலே போற உயர் அழுத்தக் கம்பியில பட்டு 11 பேர் இறந்துபோனாங்க. சின்னப் பிள்ளைங்களும் அதுல உண்டு. அனுமதி வாங்கினாங்களா இல்லையான்னு சட்டசபை வரைக்கும் பேச்சு போனது. முன்னாடி ஊரு தேருக்காகத் தெருவை விட்டு வச்சது. அப்புறம் அதே தெருவுக்கு மேல நாம கம்பியை இழுத்தோம். இப்போ தேரும் ஒரு ஓ.டி.சி. வண்டிதான்.

கேட்காமல் போற வண்டி

கடைசியா புளியரைக்கு வர்றேன். செங்கோட்டையிலிருந்து கேரளாவுக்கு ஏறுற தேசிய நெடுஞ்சாலை 744-ல, ரோடு எஸ் மாதிரி வளையுற இடம். ரோட்டுக்குக் கீழே ரயில் பாதை. 2024 பிப்ரவரியில ஒரு நாள் நள்ளிரவு தாண்டி, கேரளாவிலிருந்து பிளைவுட் ஏத்தி வந்த லாரி அந்த வளைவுல நிலை தவறி நேரா தண்டவாளத்துல விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். சத்தம் கேட்டு எழுந்த ஒரு வயசான தம்பதி, ரயில் வர்ற சத்தமும் கேட்டு, டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டுத் தண்டவாளத்துல ஓடி வெளிச்சம் காட்டி ரயிலை நிறுத்தினாங்க. அரசாங்கம் அவங்களைப் பாராட்டிப் பணம் கொடுத்தது.

அந்த லாரி அளவு மீறினதுன்னு நான் சொல்ல வரலை. அந்த ரோடு எப்படிப்பட்ட ரோடுன்னு காட்டத்தான் சொன்னேன். வழக்கமான லாரிக்கே அங்கே தப்பு பண்ண இடமில்லை. அதே ரோட்டுல கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் கேரளாவுக்கு ராப்பகலாப் போகுது. கூடுதல் பாரம் ஏத்துறாங்கன்னு தென்காசி மாவட்டத்துல பல தடவை போராட்டம் நடந்திருக்கு.

இங்கேதான் அந்தக் கோடு முக்கியமாகுது. ஜல்லியைப் பிரிக்க முடியும். ஒரு லாரியில ஏத்துறதை ரெண்டு லாரியில ஏத்தலாம். அதனால கூடுதல் ஜல்லிக்கு எந்த ஆபீஸும் ஓ.டி.சி. அனுமதி தராது, யாரும் விண்ணப்பிக்கவும் மாட்டாங்க. அன்னிக்கு பஸ்ல நாம எல்லாரும் பிளேடைத் திட்டினோம். ஆனா அந்த பிளேடு வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் அந்த வளைவை டேப் வச்சு அளந்திருக்கார். ஏதாவது உடைஞ்சா யார் கட்டணும்னு காகிதத்துல இருக்கு. நாற்பது நிமிஷம் நம்மளைக் காக்க வச்சுட்டு, ரோட்டை ரோடாவே விட்டுட்டுப் போனது. கூடுதல் பாரம் ஏத்தின லாரி நம்மளை ஒரு நிமிஷம் கூட நிறுத்தாது, ஓவர்டேக் பண்ணிப் போயிடும். அது விட்டுட்டுப் போற பள்ளத்துக்கு யார் பேரும் எங்கேயும் இருக்காது. அதுல விழுறது பைக்ல போற நாமதான்.

அனுமதி முறை சரியா நடக்குதான்னு கேட்டா, எப்பவும் இல்லைதான். ஒரே வண்டிக்கு ஏழெட்டு ஆபீஸ், தாமதம், அதைச் சாக்கா வச்சு கேட்காமலே கிளம்புறவங்க, எல்லாம் உண்டு. அதைச் சுலபமாக்கணும். ஆனா அந்தக் கேள்விகளைத் தூக்கிப் போட முடியாது. இது எவ்வளவு கனம், பாலம் தாங்குமா, மேலே கம்பி இருக்கா, உடைஞ்சா யார் பொறுப்பு?

சின்ன வயசுல தேரோட்டம் பார்க்கும்போது எல்லாரும் வடத்தைப் பிடிச்சு இழுக்கிறவங்களைத்தான் பார்ப்பாங்க. நான் சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு கட்டை போடுறவரைப் பார்ப்பேன். அவருக்கு யாரும் ஓசை போட மாட்டாங்க. சரியான நேரத்துல கட்டை விழும், கிரீச்சுனு ஒரு சத்தம் வரும், அவ்வளவு பெரிய தேர் மெல்லத் தலையைத் திருப்பும்.

அன்னிக்கு ராத்திரி ஆலங்குளம் வளைவுல அந்த வால் ஒரு வழியாத் திரும்பினது. கழி வச்சிருந்த அண்ணாச்சி எங்க டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார், போகலாம்னு. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.